பிளாஸ்டிக் துப்பாக்கியைத் தட்டிப் பார்த்த கதை

மண்பானை வாங்கச் செல்பவர் அதைக் கையில் எடுத்து, விரலை மடக்கித் தட்டிப் பார்க்கிறார். கணீரென்று ஓசை வந்தால் பானை நன்றாக வெந்தது என்று பொருள். ஓசை மங்கிக் கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. விற்பவர் எத்தனை சொன்னாலும் வாங்குபவர் தட்டாமல் விடுவதில்லை. பானை உடைந்தால் தண்ணீர் போகும், வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். ஆனால் துப்பாக்கி பழுதானால் போவது உயிர். அது சுட வேண்டிய நேரத்தில் சுடாமலும் போகலாம். சுடக் கூடாத நேரத்தில் சுடவும் செய்யலாம். அதை எப்படித் தட்டிப் பார்ப்பது?

இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு பழைமையானது. உலோகத்தையே நம்பி வந்த துப்பாக்கித் தொழிலில் பிளாஸ்டிக் நுழைந்தபோது அக்கேள்வி புதிதாக மறுபடியும் எழுந்தது. எந்தப் பொருளால் செய்தோம் என்பதைவிட, எதையெல்லாம் எண்ணிப் பார்த்துச் சோதித்தோம் என்பதே முக்கியம் என்று அந்த வரலாறு காட்டுகிறது. அதை இக்கட்டுரையில் காண்போம்.

தென்பாண்டிச் சீமையில் துப்பாக்கி

கிருஷ்ணன்கோவிலிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தெற்கே செல்லும் சாலை சேத்தூர், சிவகிரி ஆகிய பழைய பாளையங்களைத் தொட்டுச் செங்கோட்டை வரை நீள்கிறது. மேற்கே மலைத்தொடர் கூடவே வருகிறது. இந்தச் சீமையில் 18-ஆம் நூற்றாண்டிலேயே வாளும் வேலும் வளரியும் இருந்த இடத்தில் துப்பாக்கியும் சேர்ந்துவிட்டது. பாளையக்காரர் போர்கள் முடிந்ததும், 1801 டிசம்பர் 1-ல் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். தென்சீமை மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். பின்னர் 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் உரிமம் என்ற முறையைக் கொண்டுவந்தது.

இந்தக் கட்டுப்பாடுகளையும் மீறி ஒரு புதுவகைக் கைத்துப்பாக்கி தமிழ்நாட்டின் வரலாற்றில் இடம்பெற்றது. 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜிய நாட்டில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கியால்தான். சுழலும் உருளையில் தோட்டாக்களை இட்டுச் சுடும் ரிவால்வரினின்று இது வேறுபட்டது. ஒருமுறை சுட்டதும் தானே காலித் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிக்கொள்ளும் இயல்புடையது. விசையை ஒவ்வொரு முறையும் விரலால் இழுத்தாக வேண்டும். மற்ற வேலைகளைத் துப்பாக்கியே செய்துகொள்ளும். ஆகையால் இதனை அரைத் தன்னியக்கக் கைத்துப்பாக்கி என்கிறோம். அந்நாளில் இவ்வகைத் துப்பாக்கிகள் பெரும்பாலும் எஃகினால் ஆனவை. கைப்பிடியின் இரு பக்கத் தகடுகள் மட்டும் மரத்தாலோ கடின ரப்பராலோ அமைந்திருக்கும்.

இன்று நம் நாட்டில் துப்பாக்கி வாங்குவது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்கும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளுக்கும் உட்பட்டது. மாவட்டங்களில் உரிமம் வழங்குபவர் கலெக்டர். விண்ணப்பிப்போர் துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். படையினரும் காவல் துறையினரும் பயன்படுத்தும் 9 மி.மீ. கைத்துப்பாக்கி பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகை. உரிமம் பெற்றவர்கள் வாங்கக்கூடிய கைத்துப்பாக்கி பெரும்பாலும்.32 அங்குல வகையே. 2019-ல் செய்த திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது. எனவே நம் ஊரில் பிளாஸ்டிக் உடல் கொண்ட 9 மி.மீ. துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, பெரும்பாலும் அரசின் படைகளையும் காவல் துறையையுமே சாரும். அது தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டால் ஆபத்து யாருக்கு? அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு நிற்கும் காவலருக்கும், அவர் அருகே நிற்கும் நமக்கும்தான்.

இரட்டிப்பு மருந்து

துப்பாக்கி செய்யத் தொடங்கிய காலத்தில் பெரிய அச்சம் குழல் வெடிப்பதுதான். குழலின் உள்ளே இருக்கும் கீறல் கண்ணுக்குத் தெரியாது. மருந்து எரிந்து அழுத்தம் எழும்போது குழல் பிளந்து, சுடுபவரின் கையையும் கண்ணையும் கொண்டுபோய்விடும்.

இதற்கு ஐரோப்பியர் கண்ட வழி எளியது. வழக்கமாக இடும் அளவைவிட மிகுதியான மருந்தை இட்டு ஒருமுறை சுடுவது. குழல் அதைத் தாங்கினால் வழக்கமான அளவையும் தாங்கும் என்று முத்திரை இடுவது. லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்கு 1637-ல் அரச சாசனம் கிடைத்தது. பர்மிங்காம் நகரில் 1813-ல் நாடாளுமன்றச் சட்டப்படி ஒரு சோதனை நிலையம் அமைந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரிலும் இத்தகைய நிலையம் இயங்கிற்று. இவை இடும் குறியைப் புரூஃப் முத்திரை என்பர். பழைய துப்பாக்கியின் குழலில் கிரீடம், எழுத்து, கோபுரம் போன்ற சிறு குறிகள் பொறிக்கப்பட்டிருப்பதை அருங்காட்சியகங்களில் காணலாம். அவை அழகுக்காகப் பொறித்தவை அல்ல. ‘இக்குழல் ஒருமுறை சாவைக் கண்டு மீண்டது’ என்பதற்கான சான்று அவை.

இம்முறையின் சிறப்பு ஒன்றுண்டு. செய்தவரின் நற்பெயரை நம்பாமல், செய்த பொருளையே கேட்கிறது. இதற்குக் குறையும் ஒன்றுண்டு. குழல் வெடிக்குமா என்ற ஒரே ஒரு கேள்விக்குத்தான் இது விடை சொல்லும். துப்பாக்கி சிக்கிக்கொள்ளுமா, கீழே விழுந்தால் தானே சுடுமா, குளிரில் விரிசல் விடுமா என்பவற்றை இம்முத்திரை சொல்லாது. எந்தச் சோதனையும், தான் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும். இதனை மனத்தில் கொண்டு மேலே செல்வோம்.

எந்தப் பகுதி எதைத் தாங்குகிறது?

9 மி.மீ. கைத்துப்பாக்கியில் மருந்து எரியும்போது தோட்டா அறையில் எழும் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 2,300 மடங்கு. இத்தனை அழுத்தத்தையும் பிளாஸ்டிக் தாங்குமா என்று மாணவர்கள் கேட்கலாம். தாங்க வேண்டியதில்லை என்பதே விடை. அழுத்தத்தைத் தாங்குபவை எஃகுக் குழலும், அதன் மேல் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு என்ற எஃகு மேற்பகுதியும் ஆகும். கைப்பிடியும் விசைக்கூடும் சேர்ந்த கீழ்ப்பகுதி, அதாவது உடற்சட்டம், அந்த ஓட்டத்துக்குத் தண்டவாளமாக இருந்து, அதன் உதையைக் கைக்குக் கொண்டு சேர்க்கிறது. பிளாஸ்டிக்கால் செய்வது இந்தச் சட்டத்தைத்தான். ஸ்லைடு ஓடும் இடங்களில் மட்டும் எஃகுத் துண்டுகளை அச்சிலேயே பதித்துவிடுவார்கள்.

எடை குறைவதால் சுமப்பவருக்கு நன்மை. ஆனால் இயற்பியல் எதையும் இலவசமாகத் தருவதில்லை. 8 கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் புறப்படுவதாகக் கொள்வோம். அதன் உந்தம் 2.8 கிலோகிராம்-மீட்டர்/வினாடி. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி துப்பாக்கியும் அதே உந்தத்துடன் பின்னோக்கி வரும். மருந்துப் புகையின் பங்கைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 1 கிலோ எடையுள்ள எஃகுத் துப்பாக்கி வினாடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் உதைக்கும். 700 கிராம் எடையுள்ளது 4 மீட்டர் வேகத்தில் உதைக்கும். பிளாஸ்டிக் சற்றே வளைந்து மீள்வதால் அவ்வுதை கையில் கொஞ்சம் மெத்தென்று விழுகிறது என்பர். ஆயினும் இலேசான துப்பாக்கியில் எளிதாகக் குறிபார்க்கலாம் என்று எண்ணுவது பிழை. பழகாத கைக்கு அது கடினமாகவே இருக்கும்.

நைலான் நுழைகிறது

அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் காரதர்ஸ் என்ற வேதியியலாரின் குழு 1935-ல் நைலான் 66 என்ற பல்லுறுப்பியைத் தயாரித்தது. சிறு மூலக்கூறுகள் சங்கிலிக் கண்ணிகள் போல ஒன்றோடொன்று கோத்து நீண்ட இழைகளாவதே பல்லுறுப்பி, அதாவது பாலிமர். நைலான் முதலில் பல் துலக்கும் தூரிகையிலும் மகளிர் காலுறையிலும் புகழ்பெற்றது. பிறகு பல்சக்கரங்களும் தாங்கிகளும் அதனால் வார்க்கப்பட்டன. நூற்பாலைகள் நிறைந்த ராஜபாளையத்தாருக்கு இது புதுமையன்று. மரத்தால் செய்த பாபின்கள் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் பாபின்கள் வந்ததை இந்தியாவின் நூற்பாலைகள் அனைத்தும் கண்டிருக்கின்றன.

1959-ல் ரெமிங்டன் நிறுவனம் ‘நைலான் 66’ என்ற பெயரிலேயே .22 அங்குலச் சிறு ரைபிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் கட்டையும் உடலும் டூபாண்டின் சைட்டெல் என்ற நைலானால் ஆனவை. மக்கள் நம்புவார்களா? அவர்களை நம்பவைக்க, டாம் ஃபிரை என்ற குறிவல்லுநர் மேலே எறியப்பட்ட மரக்கட்டைகளைப் பல நாட்கள் தொடர்ந்து சுட்டார். 1,00,010 கட்டைகளில் அவர் தவறவிட்டவை ஆறு மட்டுமே. இது பெரும் சாதனைதான். ஆனால் இதனைச் சோதனை எனலாமா? வல்லுநரின் கையில், உலர்ந்த களத்தில், நல்ல தோட்டாவுடன் நடந்த காட்சி இது. சேற்றிலும் மணலிலும் என்ன ஆகும் என்பதை இது கேட்கவில்லை. காட்சிக்கும் சோதனைக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும். காட்சியில் விற்பவர் தம் பொருளின் வலிமையைக் காட்டுவார். சோதனையில் வாங்குபவர் அதன் பலவீனத்தைத் தேடுவார்.

பிளாஸ்டிக் சட்டம் கொண்ட முதல் கைத்துப்பாக்கி ஜெர்மனியின் ஹெக்லர் அண்டு காக் நிறுவனம் 1970-ல் வெளியிட்ட வி.பி.70. விசை மிகக் கடினமாக இருந்ததால் அது பெரிதாகப் பரவவில்லை. ஆனால் பிளாஸ்டிக்கால் செய்ய முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

ஆஸ்திரியாவின் பதினேழு நிபந்தனைகள்

1980-ல் ஆஸ்திரிய இராணுவம் தன் பழைய வால்தர் கைத்துப்பாக்கிகளுக்குப் பதிலாகப் புதியவை வாங்க முடிவு செய்தது. அது செய்த முதல் நல்ல காரியம், எந்த நிறுவனத்தின் பெயரையும் குறிப்பிடாமல், எந்த உலோகம் என்றும் சொல்லாமல், துப்பாக்கி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் 17 நிபந்தனைகளை எழுதியது. அவற்றுள் சிலவற்றைப் பார்ப்போம்.

துப்பாக்கியின் உறுப்புகள் 58-க்கு மேற்படக் கூடாது. கருவி எதுவுமின்றிப் பிரித்துத் துடைத்துச் சேர்க்க வேண்டும். ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் அரம் போடாமல் பொருத்த இயல வேண்டும். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து எஃகுத் தகட்டின் மீது விழுந்தாலும் தானே சுடக் கூடாது. முதல் 10,000 தோட்டாக்களில் 20-க்கு மேல் கோளாறு ஏற்படக் கூடாது. 15,000 தோட்டாக்கள் சுட்டபின் தேய்மானத்தை ஆராய்ந்து, அதன்பின் வழக்கமான உச்ச அழுத்தத்தைப் போல் இரு மடங்கு அழுத்தத்துடன் சுட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் அது ஒழுங்காக இயங்க வேண்டும்.

பழைய புரூஃப் சோதனை இங்கே முழுமை பெற்றதைக் கவனியுங்கள். புதுத் துப்பாக்கிக்கு மிகுதி மருந்து இடுவது பழைய முறை. தேய்ந்த துப்பாக்கிக்கு மிகுதி அழுத்தம் தருவது புதிய முறை.

வியன்னாவுக்கு அருகே டாய்ச்-வாக்ரமில் தொழிற்கூடம் வைத்திருந்த காஸ்டன் கிளாக் என்ற பொறியாளர் அதற்குமுன் கைத்துப்பாக்கி செய்தவரல்லர். இராணுவத்துக்குக் கத்திகளும் பிளாஸ்டிக் பொருள்களும் செய்துவந்தார். பிளாஸ்டிக் வார்ப்பை அறிந்திருந்ததால் சட்டத்தை நைலான் வகைப் பல்லுறுப்பியால் வார்த்தார். உறுப்புகளின் எண்ணிக்கை 34 ஆயிற்று. வெறுந்துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 630 கிராம். இத்தாலியின் பெரெட்டா, ஜெர்மனியின் ஹெக்லர் அண்டு காக், பெல்ஜியத்தின் எஃப்.என்., ஆஸ்திரியாவின் ஸ்டையர் ஆகிய பெரும் பெயர்கள் போட்டியில் இருந்தபோதிலும், 1982-ல் கிளாக் 17 தேர்வு பெற்றது. முதல் ஆர்டர் 25,000. பெயருக்காகத் தேர்ந்திருந்தால் கிளாக்குக்கு இடமே இருந்திராது. நிபந்தனைகளை எழுதிவைத்துச் சோதித்ததால்தான் புதியவர் ஒருவர் வெல்ல முடிந்தது.

கண்ணுக்குத் தெரியாத துப்பாக்கி என்ற அச்சம்

புதிய பொருளைக் குறித்து அளவுக்கு மீறிய நம்பிக்கையும் எழும். அளவுக்கு மீறிய அச்சமும் எழும். 1986-ல் அமெரிக்கச் செய்தித்தாள்களில் ‘பிளாஸ்டிக் துப்பாக்கி’ விமான நிலையச் சோதனைக் கருவிகளை ஏமாற்றிவிடும் என்ற செய்தி பரவியது. உண்மையில் கிளாக் துப்பாக்கியின் எடையில் 80 விழுக்காட்டுக்கு மேல் எஃகே. குழல், ஸ்லைடு, சுருள்வில், தோட்டா ஆகியவை எக்ஸ்-கதிர்த் திரையில் தெளிவாகத் தெரியும். ஆயினும் அவ்வச்சம் வீண்போகவில்லை. உலோகம் கண்டறியும் கருவிக்குத் தென்படாத துப்பாக்கியைச் செய்வதையும் விற்பதையும் தடுக்கும் சட்டம் 1988-ல் அமெரிக்காவில் பிறந்தது. இன்று முப்பரிமாண அச்சுப்பொறியில் துப்பாக்கி உறுப்புகளைச் செய்ய முடியும் என்ற நிலையில், அச்சட்டத்தின் பயன் முன்னிலும் மிகுந்திருக்கிறது.

எஃகும் உடைந்தது

பிளாஸ்டிக்கைச் சந்தேகித்தவர்கள் எஃகை நம்பினர். அந்த நம்பிக்கைக்கும் விரைவில் அடி விழுந்தது. அமெரிக்கப் படைகள் 1911 முதல் பயன்படுத்திய .45 அங்குலக் கைத்துப்பாக்கியைக் கைவிட்டு, நீண்ட போட்டிக்குப் பின் 1985-ல் இத்தாலியின் பெரெட்டாவைத் தேர்ந்தன. அலுமினியக் கலவைச் சட்டமும் எஃகு ஸ்லைடும் கொண்டது அது. 1987-88-ல் சில துப்பாக்கிகளில் ஸ்லைடு இரண்டாகப் பிளந்து, பின்பாதி பின்னோக்கிப் பறந்து சுடுபவரின் முகத்தைக் காயப்படுத்தியது. எஃகின் தரம், பயன்படுத்திய தோட்டாக்களின் அழுத்தம் முதலியவை குறித்து வாதங்கள் நடந்தன. இறுதியில் ஸ்லைடு பிளந்தாலும் பின்னே பறக்காதபடி தடுக்கும் அமைப்பு சேர்க்கப்பட்டது.

உலோகம் பலமுறை வளைந்து மீளும்போது நுண்ணிய விரிசல் தோன்றி, ஒவ்வொரு சுடுதலிலும் மயிரிழை அளவு வளரும். இதனை உலோகச் சோர்வு என்பர். ஆயிரம் தோட்டாக்கள் வரை ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் திடீரென்று உடையும். ஆகவே ‘எஃகு என்றால் உறுதி, பிளாஸ்டிக் என்றால் மட்டம்’ என்ற எண்ணம் அறிவியலுக்கு ஒத்ததன்று.

கார்கிலில் கண்ட பாடம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்திய இராணுவத்துக்காக வடிவமைத்த இன்சாஸ் ரைபிள், வங்காளத்தின் இஷாப்பூர், உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் ஆகிய தொழிற்சாலைகளிலும், 1966-ல் அமைந்த நம் திருச்சி படைக்கலத் தொழிற்சாலையிலும் தயாரிக்கப்பட்டது. இது கைத்துப்பாக்கி அன்று. ஆனால் பிளாஸ்டிக்கின் நிறைகுறைகளை நமக்குக் கற்பித்தது இதுவே. அதன் தோட்டாப் பெட்டி, அதாவது மேகசின், பிளாஸ்டிக்கால் ஆனது. உள்ளே எத்தனை தோட்டாக்கள் எஞ்சியுள்ளன என்று வெளியிலிருந்தே பார்க்கலாம். அது நல்ல யோசனைதான்.

1999 கார்கில் போரில் உயர்ந்த மலை முகடுகளின் கடுங்குளிரில் அந்தப் பெட்டிகள் விரிசல் விடுவதாகப் புகார் எழுந்தது. மேகசின் விரிந்தால் தோட்டா சரியான கோணத்தில் ஏறாது. துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். எதிரில் பகைவன் நிற்கும்போது அதன் பொருள் என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காரணம் பல்லுறுப்பியின் இயல்பில் இருக்கிறது. வெப்பமான நிலையில் அதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் சற்றே அசைந்து கொடுக்கும். அடி விழுந்தால் அந்த அசைவு ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும். குளிர் மிகுந்தால் சங்கிலிகள் விறைத்துவிடும். அடியைத் தாங்காமல் கண்ணாடியைப் போல் உடையும். நைலானுக்கு மற்றொரு குணமும் உண்டு. அது நீரை உறிஞ்சும். முழுதும் ஊறினால் தன் எடையில் 8 விழுக்காடு வரை ஏற்கும். ஈரம் பட்ட நைலான் வளையும். முற்றிலும் உலர்ந்தது நொறுங்கும். அதனால்தான் கண்ணாடி இழைகளைக் கலந்து அதன் விறைப்பையும் அளவு மாறாத தன்மையையும் கூட்டுகிறார்கள்.

கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் பொறியியல் கல்லூரி தொடங்கியது. அதுபோன்ற கல்லூரியில் இயந்திரவியல் படிக்கும் மாணவருக்குச் சார்ப்பி சோதனை என்பது பாடம். கனத்த ஊசல் ஒன்றை உயரத்திலிருந்து விட்டு, நடுவே வைத்த மாதிரித் துண்டை உடைத்து, ஊசல் மறுபுறம் எவ்வளவு உயரம் ஏறியது என்பதிலிருந்து துண்டு உறிஞ்சிய ஆற்றலைக் கணிப்பர். அதே துண்டை உறைநிலைக்குக் கீழே குளிர்வித்து மீண்டும் உடைத்துப் பார்த்தால் விடை எவ்வளவு மாறுகிறது என்பது புலப்படும். ஸ்ரீவில்லிபுத்தூர் வெயிலில் தேறிய பொருள் கார்கில் பனியில் தேறும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. எங்கே பயன்படப்போகிறதோ அங்குள்ள சூழலில் சோதிக்க வேண்டும்.

விழுந்தால் சுடுமா?

2017 ஜனவரியில் அமெரிக்க இராணுவம் பெரெட்டாவுக்குப் பதிலாக, பிளாஸ்டிக் கைப்பிடிக்கூடு கொண்ட சிக் சாவர் பி320-இன் வடிவமொன்றைத் தேர்ந்தெடுத்தது. இராணுவச் சோதனையின்போது, கீழே விழுந்தால் சுடும் குறை தென்பட்டது. விசைப் பகுதியின் உறுப்புகளை இலேசாக்கி அக்குறையைப் போக்கினர். பொதுமக்களுக்கு விற்ற துப்பாக்கிகளில் பழைய விசையே இருந்தது. 2017 ஆகஸ்டில், அத்துப்பாக்கி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பின்புறம் மோதும்படி விழுந்தால் சுடக்கூடும் என்று வெளியார் செய்து காட்டினர். அம்மாதமே நிறுவனம் விசையை மாற்றித் தருவதாக அறிவித்தது.

இதன் காரணம் பள்ளி மாணவரும் அறிந்ததே. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது வினாடிக்கு ஏறத்தாழ 6.3 மீட்டர் வேகம் பெற்றிருக்கும். துப்பாக்கி சட்டென்று நிற்கிறது. ஆனால் விசைத்துண்டு நியூட்டனின் முதல் விதிப்படி தன் பயணத்தைத் தொடர விழைகிறது. அது கனமாக இருந்தால், விரல் இழுத்தது போலவே பின்னோக்கி நகர்ந்துவிடும். பேருந்து திடீரென்று நிற்கும்போது நாம் முன்னே சாய்வதும் இதனால்தான். பிளாஸ்டிக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. வழக்கமான சில கோணங்களில் போட்டுப் பார்த்துத் தேறிய துப்பாக்கி, எவரும் எண்ணாத கோணத்தில் தவறியது என்பதே செய்தி.

எத்தனை தோட்டா சுட்டால் போதும்?

தாமே பத்துத் தோட்டா சுட்டுப் பார்த்து, ‘ஒன்றும் சிக்கவில்லை; நல்ல துப்பாக்கி’ என்று முடிவு கட்டுவோர் உண்டு. புள்ளியியல் இதை ஒப்புவதில்லை. இதற்கு ‘மூன்றின் விதி’ என்ற எளிய கணக்கு இருக்கிறது. ஒரு சோதனையை எத்தனை முறை செய்தும் கோளாறு ஒன்றுகூட நேரவில்லை என்றால், 3-ஐ அந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கோளாறு விகிதம் அதற்கு மேல் இராது என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்லலாம்.

10 தோட்டா சுட்டால் விடை 30 விழுக்காடு. 50 சுட்டால் 6 விழுக்காடு. ஆஸ்திரியர் கேட்டது 10,000-க்கு 20, அதாவது 0.2 விழுக்காடு. அந்த அளவை உறுதி செய்ய 1,500 தோட்டாக்களைக் கோளாறே இன்றிச் சுட வேண்டும். உரிமம் பெற்றவர் வாங்கக்கூடிய தோட்டாக்களின் எண்ணிக்கைக்கு உரிமத்திலேயே வரம்பு உண்டு. ஆகவே தனி மனிதர் ஒருவர் இச்சோதனையைச் செய்ய இயலாது. புரூஃப் முத்திரையையும், பெரிய அளவில் சோதித்த நிறுவனங்களின் முடிவுகளையும்தான் அவர் சார்ந்திருக்க வேண்டும். சோதனை முடிவுகளை ஒளிக்காமல் வெளியிடுவது ஏன் கடமையாகிறது என்பது இதனால் விளங்கும்.

இன்றைய இந்தியா

நம் படைகள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் 9 மி.மீ. கைத்துப்பாக்கி, பழைய பிரௌனிங் வடிவத்தைத் தழுவி இஷாப்பூரில் செய்த எஃகுத் துப்பாக்கி. 2014-ல் கான்பூர் தொழிற்சாலை, ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வரை டைட்டானியக் கலவையில் வெளியிட்டது. 2021-ல் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் இராணுவமும் கூடி ‘அஸ்மி’ என்ற 9 மி.மீ. இயந்திரக் கைத்துப்பாக்கியை அறிவித்தன. அதன் மேற்கூடு விமானத் தரமுள்ள அலுமினியம். கீழ்க்கூடு கரி இழை கலந்த பொருள். அதே ஆண்டு அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டு, திருச்சித் தொழிற்சாலையும் அவற்றுள் ஒன்றில் சேர்ந்தது. நிறுவனத்தின் பெயர் மாறலாம், பொருளும் மாறலாம். சோதனை மட்டும் தளரக் கூடாது.

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால், வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து. மிகுதி அழுத்தத்தைத் தாங்கியதா? எத்தனை ஆயிரம் தோட்டாக்களுக்கு எத்தனை கோளாறு? எந்தக் குளிரிலும் வெயிலிலும் மணலிலும் சோதித்தார்கள்? எந்தெந்தக் கோணத்தில் போட்டுப் பார்த்தார்கள்? குறை தெரிந்தபின் விற்றுவிட்டவற்றையும் திருத்தித் தந்தார்களா? இவற்றுள் எதுவும் ‘இது எஃகா, பிளாஸ்டிக்கா’ என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

துப்பாக்கியே வாங்கப்போகாத நமக்கு இவை எதற்கு என்று எண்ண வேண்டாம். பிள்ளைக்கு வாங்கும் தலைக்கவசமும், அடுப்பில் ஏற்றும் குக்கரும், சமையலறையில் நிற்கும் எரிவாயு உருளையும் இதே கேள்விகளுக்கு உட்பட்டவைதாம். ஒவ்வொரு தரக்குறிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் அப்பொருளை உடைத்துப் பார்த்திருக்க வேண்டும். எதை உடைத்தார், எப்படி உடைத்தார் என்று கேட்கப் பழகிய சமுதாயத்தை எந்தப் புதுப்பொருளும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது.